கேசட்டில் கல்யாணம், மேசையில் கம்ப்யூட்டர்

பழைய வீடியோ கேசட்டுகளை வீட்டிலேயே ஃபைலாக மாற்ற எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வேண்டும்? கடைக்காரர் சொல்வதைவிடச் சின்னது போதும். ஆனால் அவர் பேச்சிலேயே வராத சில சாமான்களுக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

ஆகுர்டி, நிகடி, சிஞ்ச்வட் பகுதிகளில் முப்பது நாற்பது வருடங்களாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பீரோ உச்சியில் பெரும்பாலும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதற்குள் வி.எச்.எஸ். கேசட்டுகள். பிழைப்பு பூனாவில் என்றாலும் கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் ஊரில்தான் நடந்தன. லீவு கிடைக்காமல் போன சித்தப்பாவுக்காக ஊரிலிருந்து கேசட் வரும். வாடகைக்கு டெக் எடுத்து, அக்கம்பக்கத்து மராத்திக்காரர்களையும் உட்காரவைத்துப் பார்த்த கேசட்டுகள் அவை. தாலி கட்டும் இடத்தில் சினிமாப் பாட்டு மிக்ஸிங், மாப்பிள்ளை முகத்தைச் சுற்றி இதய வடிவம், கடைசியில் பந்தியில் இலை மேல் குனிந்திருக்கும் முகங்கள். அந்த முகங்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

டெக் வாடகைக்குத் தந்த கடைகளும் இல்லை. பஜாஜ் ஆட்டோவின் ஆகுர்டி ஆலையில் 2007-ல் உற்பத்தி நின்றபோது வேலையிலிருந்த தலைமுறை இப்போது ஓய்வில் இருக்கிறது. பிள்ளைகள் ஹிஞ்ஜவடியிலோ அமெரிக்காவிலோ. கையில் நேரம் இருக்கிறது, கொஞ்சம் பணமும் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் வாங்கி கேசட்டையெல்லாம் ஏற்றிவிடலாமே என்ற யோசனை வருகிறது. குழப்பம் கடையில் ஆரம்பிக்கிறது.

'வீடியோ வேலை' என்ற சொல் காதில் விழுந்ததும் கடைக்காரர் எழுதும் கொட்டேஷனில் முதலில் வந்து உட்காருவது கிராபிக்ஸ் கார்டு. அடுத்து பக்கவாட்டில் கண்ணாடி பதித்த கேபினெட், உள்ளே சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விசிறிகள். தொகை பட்ஜெட்டைத் தாண்டிவிடும். அதைச் சரிக்கட்ட ஹார்ட் டிஸ்க்கின் அளவு குறையும், எஸ்.எம்.பி.எஸ். பெயர் தெரியாத கம்பெனியுடையதாக மாறும். கேசட் மாற்றும் வேலைக்கு இதைவிடத் தலைகீழான பட்டியலைத் தயாரிப்பது கடினம்.

காரணம் எளிமையானது. மூன்று மணி நேர கேசட் ஓடி முடிய மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு லட்ச ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தாலும் டெக்கை அது ஒரு நிமிடம்கூட வேகப்படுத்தாது. நாடா தலைப்பகுதியில் உரசிக்கொண்டு ஓடும் வேகம்தான் இந்த வேலையின் வேகம். இருபது கேசட் இருந்தால் அறுபது மணி நேரம் டெக் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அந்த அறுபது மணி நேரமும் தடங்கலில்லாமல் ஓடக்கூடிய, வருவதையெல்லாம் சிந்தாமல் சேமித்து வைக்கக்கூடிய இயந்திரம் எது என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி.

அவசரமும் இருக்கிறது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. உலகில் கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனியாக அறியப்பட்டது அதுதான். 2019-ல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து 'காந்த நாடா எச்சரிக்கை' ஒன்றை வெளியிட்டன. 2025-ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகு நாடாக்களை ஓடவைப்பதே அரிதாகிவிடும் என்பது காப்பகத் துறையினர் பலரின் கணிப்பு. நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவியும் உதிரி பாகமும் மெக்கானிக்கும் மறைந்துவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன சேதி. அந்தக் கெடு கடந்துவிட்டது. இனி ஓடும் ஒவ்வொரு டெக்கும் போனஸ்.

புனேவின் ஈரம் வேறு. நான்கு மாத மழைக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் கேசட் ஜன்னல் வழியே நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரியலாம். அதை அப்படியே டெக்கில் போடக் கூடாது. பூஞ்சை டெக்கின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தாவும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இழப்பின் அளவு தெரிந்திருக்க வேண்டும். ஆகுர்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், லா காலேஜ் ரோட்டில் இருக்கிறது தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். 1964-ல் தொடங்கப்பட்ட அது 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. 2003 ஜனவரியில் அருகிலுள்ள திரைப்படக் கல்லூரி வளாகத்தில் வைத்திருந்த அதன் நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் தீயில் அழிந்தன. பிறகு மத்திய அரசின் தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் ஃபிலிம்கள் சட்டம் சட்டமாக ஸ்கேன் செய்யப்பட்டு டிஜிட்டலாக மாறின. சினிமாவுக்காவது ஒரு காப்பகம் இருக்கிறது. காதுகுத்து கேசட்டுக்கு பீரோ உச்சிதான்.

ஒரு கணக்கு

நம் நாட்டு பால் முறை வீடியோ 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டங்கள். இதைச் சுருக்காமல் அப்படியே பிடித்தால் வினாடிக்கு 20 எம்.பி.க்கு மேல், மணிக்கு 75 ஜி.பி. அளவுக்குத் தரவு கொட்டும். ஹஃப்யுவ், எஃப்.எஃப்.வி.1 போன்ற முறைகளில் தரம் துளியும் குறையாமல் சுருக்கினால் மணிக்குச் சுமார் 30 ஜி.பி. ஆகும். மூன்று மணி நேர கேசட்டுக்கு 90 ஜி.பி. இருபது கேசட்டுக்கு 1,800 ஜி.பி.

இந்தப் பெரிய ஃபைலை டி.வி.யிலும் போனிலும் பார்ப்பதற்கேற்ற சிறிய ஃபைலாக மாற்றுவதுதான் என்கோடிங். எச்.264 என்ற, 2003-ல் வந்த முறை இதற்குத் தாராளமாகப் போதும். மணிக்கு 2 ஜி.பி. ஒதுக்கினாலே கேசட்டில் இருக்கும் தெளிவு முழுக்க வந்துவிடும். அதற்குப் பின் வந்த எச்.265 (2013), ஏ.வி.1 (2018) இரண்டும் ஃபைலை இன்னும் சிறிதாக்கும். கேசட் அளவுப் படத்தில் அந்த மிச்சம் சில நூறு ரூபாய் டிஸ்க் இடம்தான். எல்லா டி.வி.யிலும் ஓடுவது எச்.264.

பழைய வீடியோவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சட்டமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாகப் பதிவானது. குழாய் டி.வி.யில் அது தெரியாது. இன்றைய தட்டைத் திரையில் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அந்தப் பாதிகளைப் பக்குவமாகச் சேர்ப்பதுதான் பிராசஸருக்கு உண்மையான வேலை. உயர்தரமான முறையில் செய்தால் என்கோடிங்கைவிட இதற்கே அதிக நேரம் பிடிக்கும். அதையும் ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே இதற்கு நான்கு கோர் உள்ள நல்ல பிராசஸர் போதும், ஆறு இருந்தால் வசதி. புதிதாக வாங்குவோருக்கு இன்டெல் கோர் ஐ3-12100 (நான்கு கோர்), ஐ5-12400 (ஆறு கோர்), ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி (ஆறு கோர்) ஆகியவை அளவுகோல். இவற்றுக்குச் சமமான வேறு எதுவும் சரிதான். பதினாறு கோருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. கேசட் அளவுள்ள சிறிய படத்தில் எல்லா கோருக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேலையே இருக்காது.

ஒரு எழுத்து, ஒரு கார்டு

கவனிக்க வேண்டியது பிராசஸர் பெயரின் வாலில் வரும் எழுத்து. இன்டெல்லில் 12100, 12400 என்று எண்ணோடு முடிந்தால் படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது. கடைசியில் 'எஃப்' இருந்தால் இல்லை. எஃப் வகை விலை குறைவு என்பதால் கொட்டேஷனில் அதுதான் வரும். அதில் மானிட்டரை இணைக்கவே தனி கார்டு தேவை. அப்போது கடைக்காரர் ஒரு மலிவு கார்டைச் சேர்க்கிறார். மிச்சப்படுத்திய காசு திரும்பவும் போய்விடுகிறது.

அந்த மலிவு கார்டிலும் ஒரு வேடிக்கை. வீடியோவுக்காக என்று சொல்லி விற்கப்படும் என்விடியா ஜிடி 1030-ல் வீடியோ என்கோடர் கிடையாது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. கார்டுகளிலும் கிடையாது. விளையாட்டுக்கு ஓரளவு உதவலாம், என்கோடிங்கில் இவை பார்வையாளர்கள் மட்டுமே. எஃப் இல்லாத இன்டெல் பிராசஸருக்குள்ளேயே 'குயிக் சிங்க்' என்ற என்கோடர் இலவசமாக உட்கார்ந்திருக்கிறது.

அப்படியொரு என்கோடர் இருந்தாலும் கேசட்டுக்கு அதை நம்ப வேண்டியதில்லை. சில்லில் பதித்த என்கோடர் பறக்கும் வேகத்தில் வேலையை முடிக்கும். அதே ஃபைல் அளவில் படம் மட்டும் சற்று மட்டமாக வரும். பழைய நாடாவின் புள்ளியும் இரைச்சலும் அதற்கு ஆகாது. எக்ஸ்264 என்ற இலவச மென்பொருள் என்கோடர் பிராசஸரின் கோர்களையே கொண்டு நிதானமாகச் செய்யும் வேலை அதைவிட நேர்த்தி. ஒரு முறைதான் செய்யப் போகிறோம் என்றால் நிதானமே மேல்.

மெமரி 16 ஜி.பி., முடிந்தால் 8 ஜி.பி.யாக இரண்டு துண்டு. 2025 கடைசியில் மெமரி விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதன் விளைவு ஆகுர்டி கொட்டேஷன் வரை வந்தது. கை கடித்தால் 8 ஜி.பி.யில் தொடங்கலாம், கேசட் வேலை நிற்காது. மதர்போர்டில் இன்னொரு இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் தோஷமில்லை

குறைந்த பட்ஜெட்டுக்கு நல்ல வழி, ஆபீஸ்களில் ஓடி வெளியே வரும் பழைய கம்ப்யூட்டர்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களை ஆபீஸ்கள் கழித்துக்கட்டுகின்றன.

எண்ணைப் படிப்பது எளிது. ஐ5-க்குப் பிறகு 8 என்று தொடங்கினால் எட்டாம் தலைமுறை. ஐ5-8400, 8500 இரண்டும் ஆறு கோர் உள்ளவை, கேசட் வேலைக்கு இன்றும் கச்சிதம். 6 அல்லது 7 என்று தொடங்குபவை இன்னும் மலிவு. இன்டர்நெட் இணைக்காமல் கேசட் பிடிக்க மட்டும் என்றாலோ, லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றாலோ அவையும் பாவமில்லை.

வாங்கும் முன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒல்லியான ஆபீஸ் மாடல்களில் பெரும்பாலும் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் இடம். எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கம்பெனியின் சொந்த அளவு, கெட்டால் எதிர்க் கடையில் கிடைக்காது. கார்டு செருகும் இடத்திலும் பாதி உயரக் கார்டுதான் நுழையும். நிமிர்ந்து நிற்கும் பெரிய டவர் மாடல் கிடைத்தால் சில நூறு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் அதுவே லாபம்.

ஆகுர்டியிலிருந்து லோக்கல் ரயில் ஏறி சிவாஜி நகரில் இறங்கினால் புனேவின் கடைகளை எட்டிவிடலாம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு, மும்பையில் லாமிங்டன் ரோடு, டில்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. ரோடு. எங்கே போனாலும் ஒரு உபாயம் செல்லும். ஐந்து நிமிட வீடியோ ஒன்றையும், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளையும் பென் டிரைவில் எடுத்துப் போய், வாங்கப்போகும் அதே இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கக் கேட்பது. எத்தனை நிமிடத்தில் முடிகிறது, விசிறி அலறுகிறதா, நடுவில் அணைகிறதா என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்துவிடும். இதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் செகண்ட் ஹேண்ட் வாங்காமல் இருப்பது நல்லது.

மிச்சப்பட்ட பணம் எங்கே போக வேண்டும்? முப்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் அதில் பாதியைத் தாண்டாமல் இருப்பது உத்தமம். மீதி இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் டெக்குக்கும் பிடிப்புக் கருவிக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும்.

டெக்கிலிருந்து வரும் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் யு.எஸ்.பி. பிடிப்புக் கருவியின் விலைக்கும் தரத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆகக் குறைந்த விலையில் வருபவற்றில் சில நிமிடங்களில் ஒலி ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமும் போகும். எஸ்-வீடியோ இணைப்பு உள்ள டெக் கிடைத்தால் மஞ்சள் வயரை விட அதுவே மேல், நிறம் பிசிறாது. பழைய டெக்கைச் சுத்தம் செய்து, பெல்ட்டும் ரப்பர் உருளையும் மாற்றத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் அவருக்குக் கேட்டதைக் கொடுக்கலாம். படத்தின் தரத்தில் எந்த பிராசஸரும் செய்யாத மாற்றத்தை அவர் செய்வார்.

1990களின் கடைசியிலும் அதற்குப் பிறகும் எடுத்த மினி டி.வி. கேசட் வைத்திருப்பவர்களுக்கு வேலையே வேறு. அந்த நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல், மணிக்குச் சுமார் 13 ஜி.பி. ஃபயர்வயர் என்ற இணைப்பில் அதை அப்படியே நகல் எடுத்தால் போதும், பிடிப்புக் கருவி தேவையில்லை. இன்றைய மதர்போர்டுகளில் ஃபயர்வயர் இல்லை, தனி கார்டு செருக வேண்டும். அதற்கு இடமுள்ள கம்ப்யூட்டராகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். லேப்டாப்பை விட டெஸ்க்டாப் மேல் என்பதற்கும் இது ஒரு காரணம்.

வியாழக்கிழமை

பிம்ப்ரி-சிஞ்ச்வட் வட்டாரத்தில் மின் கம்பிப் பராமரிப்புக்கு என்று கரண்ட் நிறுத்துவது பெரும்பாலும் வியாழக்கிழமைகளில். அது முன்கூட்டியே தெரியும் நிறுத்தம், தப்பித்துக்கொள்ளலாம். திடீரென்று ஒரு வினாடி போய் வரும் மின்சாரம்தான் எதிரி. கேசட் இரண்டரை மணி நேரம் ஓடிய பிறகு அப்படி நடந்தால் ஃபைல் பாதியில் முறிந்து, திறக்கவே முடியாமல் போகலாம். திரும்ப ஓட்ட வேண்டும், தேய்ந்த நாடா இன்னொரு முறை தேயும். கம்ப்யூட்டர், டெக், பிடிப்புக் கருவி மூன்றையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

என்கோடிங்கின்போது பிராசஸர் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். டைப் அடிக்கும் வேலையில் வெளியே தெரியாத மட்டமான எஸ்.எம்.பி.எஸ். இங்கே மாட்டிக்கொள்ளும். ஏப்ரல், மே வெயிலில் மூடிய அலமாரிக்குள் கேபினெட்டை வைத்தால் சூட்டில் வேகம் தானாகக் குறையும். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்கூட ஆகாது.

பலர் 2000களில் ஸ்டுடியோவில் காசு கொடுத்து கேசட்டை சி.டி.யாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அத்தோடு கேசட்டைத் தூக்கிப் போட்டவர்கள் பாவம். அந்த வி.சி.டி.யின் படம் 352க்கு 288 புள்ளிகள்தான், கேசட்டிலிருந்த வரிகளில் பாதி அப்போதே போய்விட்டது. கேசட் மிச்சமிருந்தால் மறுபடி புதிதாக மாற்றுவதே சரி. சி.டி. மட்டும் இருந்தால் அதை உடனே ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம், மறுபடி என்கோடிங் செய்தால் இருப்பதும் குறையும். மங்கிய படத்தை செயற்கை நுண்ணறிவால் பளிச்சென்று ஆக்கித் தருகிறோம் என்று சொல்லி விலை உயர்ந்த கார்டு விற்பவர்களும் உண்டு. இல்லாத கண்ணிமையை அது கற்பனையில் வரைந்து சேர்க்கும், பாட்டி முகம் யாரோ ஒரு நடிகையின் பாட்டி முகமாகிவிடும். மூல ஃபைல் கையில் இருந்தால் அந்த விளையாட்டை எப்போது வேண்டுமானாலும் ஆடிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய இயந்திரம் தேவைப்படுகிறவர்களும் இல்லாமல் இல்லை. பகுதி நேரமாகக் கல்யாண வீடியோ எடுத்து, 4கே கேமராவில் நாளுக்கு நூற்றுக்கணக்கான ஜி.பி. கொண்டுவரும் இளைஞர்களுக்கு நேரம்தான் காசு. 4கே படத்தில் கேசட் படத்தைவிட ஏறக்குறைய இருபது மடங்கு புள்ளிகள். அவர்களுக்கு எட்டு கோரும், உண்மையாகவே என்கோடர் உள்ள கார்டும் வருமானத்திலிருந்து திரும்ப வரும் முதலீடு. இன்டெல்லின் மலிவு ஆர்க் ஏ380-லேயே ஏ.வி.1 என்கோடர் வரை இருக்கிறது. அப்பாவின் கேசட்டை மாற்ற மகன் வாங்கும் கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

புனேயில் இந்த வேலைக்கு ஏற்ற பருவம் மழை நின்று காற்று காய்ந்த பிறகு, நவம்பர் தொடங்கி மே வரை. கேசட்டை ஒரு முறை முழுக்க முன்னால் ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகே பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த நாடா அப்போதுதான் சீராக ஓடும். முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது, யாருடையதென்று தெரியாத ஒரு கேசட்டை. டெக் நாடாவை மெல்லாது என்று உறுதியான பிறகே கல்யாண கேசட். முடிந்ததும் பெரிய ஃபைல் இரண்டு டிஸ்க்கில் ஏறும். ஒன்று ஆகுர்டி வீட்டிலேயே இருக்கட்டும். இன்னொன்று அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் போகலாம். கேசட் பழையபடி பீரோவுக்கு, படுத்த வாக்கில் இல்லாமல் புத்தகம் போல நிறுத்தி.